மூக்குக்கண்ணாடி அணிபவருக்கு எந்த ஸ்கோப் பொருந்தும்?



துப்பாக்கி என்றாலே நம்மில் பெரும்பாலோர் ஓர் அடி தள்ளி நிற்போம். அது நல்ல பழக்கம்தான். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்களுக்கான கடும் தண்டனைச் சட்டமும் நம் நாட்டில் எவ்வளவு கண்டிப்பானவை என்பது யாவரும் அறிந்ததே. ஆனாலும் முறையாக உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம் சமூகத்திலும் இருக்கிறார்கள். காட்டுப்பன்றிகளிடமிருந்து செம்பனங்கன்றுகளையும் பழத்தோட்டத்தையும் காக்க வேண்டியவர்கள் ஒரு சாரார். குறிசுடும் மன்றங்களில் பயிற்சி பெறுபவர்கள் இன்னொரு சாரார். ஜொகூர் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரில் தேசிய சேவை செய்யும் இளையர் கையில் இருக்கும் சார் 21 துப்பாக்கியிலேயே ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் உடன் பொருத்தப்பட்டே வருகிறது.

இவர்களில் பலருக்கும் பொதுவான ஒரு பொருள் மூக்குக்கண்ணாடி. சிங்கப்பூர் இளையரிடையே கிட்டப்பார்வை மிக அதிகம். தோட்டம் வைத்திருப்பவர்களோ பெரும்பாலும் நாற்பதைத் தாண்டி, வெள்ளெழுத்து வந்தவர்கள். அப்படியிருக்க, ஸ்கோப் வாங்கும்போது விலையையும், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். "என் கண்ணாடியோடு இது ஒத்துப்போகுமா?" என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. அந்தக் கேள்விக்கு விளக்கம் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் இரண்டு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று உங்கள் கண்ணின் பாதுகாப்பு. மற்றொன்று, குழலுக்கு எதிரே நிற்கக்கூடிய ஓர் உயிரின் பாதுகாப்பு.

குறைந்த மடங்கு ஸ்கோப் எதற்கு?

தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டுவதுதானே ஸ்கோப்பின் வேலை, ஒரு மடங்கு ஸ்கோப்பால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் ஆட்களும் நாய்களும் காட்டுப்பன்றிகளைக் கிளப்பி விரட்டி வருவார்கள். வேட்டைக்காரர் தமக்குக் குறித்த இடத்தில் காத்து நிற்பார். பன்றி முப்பது, நாற்பது மீட்டர் தூரத்தில் மரங்களுக்கு இடையே ஓடிக் கடக்கும். அவ்வளவு அருகில் ஓடும் விலங்கைப் பத்து மடங்கு ஸ்கோப்பில் பார்த்தால் வெறும் மயிர்தான் தெரியும். ஆகவே, ஒரு மடங்கில் தொடங்கி நான்கு, ஆறு அல்லது எட்டு மடங்கு வரை ஏற்றிக்கொள்ளக்கூடிய ஸ்கோப்புகள் அங்கே பெரிதும் விரும்பப்பட்டன. ஒரு மடங்கில் வைத்தால் இரு கண்களையும் திறந்தபடியே சுடலாம். சுற்றுப்புறம் மறையாது.

மாலை மங்கிய நேரத்தில் கரிய பன்றியின் மேல் கரிய சிலுவைக் கோடு தெரியாமல் போய்விடும். அதற்காகவே கோட்டின் நடுவில் சிறு சிவப்புப் புள்ளி ஒளிரும்படி செய்தார்கள். ஒரு சிறிய பட்டன் பேட்டரியே அதற்குப் போதும்.

ஸ்கோப்பின் மேல் 1-6×24 என்று எழுதியிருந்தால், ஒன்று முதல் ஆறு மடங்கு வரை பெரிதாக்கும், முன் லென்ஸின் குறுக்களவு 24 மில்லிமீட்டர் என்று பொருள். இந்த எண்களைக் கடைக்காரர் முதலில் சொல்லிவிடுவார். கண்ணாடி அணிபவருக்கு மிகவும் தேவையான எண்ணை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

அந்த எண் என்ன?

ஸ்கோப்பின் பின் லென்ஸுக்கும் உங்கள் கண்ணுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருந்தால்தான் முழுப் படமும் தெரியும் என்று ஓர் அளவு உண்டு. இதைக் கண் இடைவெளி எனலாம். கண் அந்த இடத்திலிருந்து முன்னே போனாலும் பின்னே போனாலும், படத்தின் ஓரத்தில் கறுப்பு வளையம் சூழ்ந்துகொள்ளும்.

துப்பாக்கி ஸ்கோப்புகளில் இந்த இடைவெளி பொதுவாக 80 முதல் 100 மில்லிமீட்டர் வரை இருக்கும். எடுத்துக்காட்டாக, ஆஸ்திரியாவின் சுவரோவ்ஸ்கி நிறுவனத்தின் இசட்8ஐ 1-8×24 ஸ்கோப்பில் இது 95 மில்லிமீட்டர்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மூக்குக்கண்ணாடியின் லென்ஸ் கண்ணிலிருந்து ஏறக்குறைய 12 முதல் 14 மில்லிமீட்டர் முன்னால் இருக்கிறது. கண் இடைவெளி 95 என்றால், கண்ணாடிக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே எஞ்சுவது ஏறக்குறைய 82 மில்லிமீட்டர். இது போதுமானது. அதே இடைவெளி 70 என்றால் எஞ்சுவது 57தான். குண்டு வெளியேறும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். தோளில் சரியாக அணைத்துப் பிடிக்காவிட்டாலோ, மேட்டை நோக்கிச் சுட்டாலோ, முகம் ஸ்கோப்புக்கு இன்னும் அருகில் போய்விடும். கண்ணாடி அணியாதவருக்கு இதனால் புருவத்தில் பிறை வடிவ வெட்டு விழும். கண்ணாடி அணிந்தவருக்கு முதலில் அடிபடுவது கண்ணாடி. சட்டம் வளையும். லென்ஸ் உடைந்தால் அதன் சில்லுகள் கண்ணுக்கு வெகு அருகில் இருக்கும்.

இந்த அளவு எவ்வளவு மாறுபடலாம் என்பதற்கு அமெரிக்காவின் டிரிஜிகான் நிறுவனம் செய்யும் ஏகாக் நல்ல உதாரணம். அதன் 4×32 மாடலுக்குக் கண் இடைவெளி ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர் மட்டுமே. அமெரிக்க மரின் படையினர் பல ஆண்டுகள் பயன்படுத்திய, உறுதிக்குப் பெயர்பெற்ற கருவி அது. அவர்களுடைய துப்பாக்கியின் உதை குறைவு என்பதால் அது காயப்படுத்துவது அரிது. ஆனாலும் கண்ணாடி அணிந்தவருக்கு எஞ்சுவது ஓர் அங்குலம்தான். அதே நிறுவனத்தின் 3.5×35 மாடலில் கண் இடைவெளி 2.4 அங்குலம். ஒரே பெயர், ஒரே கம்பெனி, ஆனால் கண்ணாடி அணிபவருக்கு இரண்டும் வெவ்வேறு கருவிகள். 2020ஆம் ஆண்டில் மரின் படை தன் வீரர்களுக்காக ஒன்று முதல் எட்டு மடங்கு வரை மாற்றக்கூடிய ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்தது.

பன்னிரண்டு போர் ஷாட்கன்னின் உதை இவற்றைவிடப் பன்மடங்கு பலமானது. நம் நாட்டில் பயிர் காப்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான். ஆகவே கண்ணாடி அணிபவர் 90 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை ஷாட்கன்னில் மாட்டாமல் இருப்பது நல்லது. விளம்பரத் தாளில் இரண்டு எண்கள் கொடுத்திருந்தால் சிறிய எண்ணையே கணக்கில் எடுங்கள். பல ஸ்கோப்புகளில் மடங்கை ஏற்றும்போது இந்த இடைவெளி குறைகிறது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுடலாமா?

பெரும்பாலான ஸ்கோப்புகளின் பின்முனையில் ஒரு திருகு வளையம் உண்டு. அதைத் திருப்பினால் உள்ளே தெரியும் சிலுவைக் கோடு மங்கும், தெளியும். பொதுவாக இரண்டு மூன்று டையாப்டர் அளவு வரை இதனால் ஈடுகட்ட முடியும். "எனக்கு இரண்டுதான் பவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதைத் திருகிக்கொண்டால் போதுமே" என்று சிலர் நினைக்கிறார்கள்.

தூரத்துக் குறிப்பலகையை அதிக மடங்கில் ஒற்றைக் கண்ணால் பார்ப்பவருக்கு அது ஓரளவு சரிவரலாம். குறைந்த மடங்கு ஸ்கோப்புக்கு அது ஒத்துவராது. காரணங்கள் மூன்று.

முதலாவது, இந்த ஸ்கோப்பின் சிறப்பே இரு கண்களையும் திறந்து பார்ப்பதில்தான் இருக்கிறது. திருகு வளையம் ஒரு கண்ணை மட்டுமே சரிசெய்யும். மறு கண்ணுக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் சுற்றுப்புறம் புகை மூட்டமாகத்தான் தெரியும். பக்கத்தில் யார் வருகிறார் என்பதே தெரியாது.

இரண்டாவது, கண் பரிசோதனைச் சீட்டில் 'சிலிண்டர்' என்று ஓர் எண் எழுதியிருப்பார்கள். கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லாத குறை அது. ஆஸ்டிக்மாடிசம் என்பார்கள். திருகு வளையத்தால் கிட்டப்பார்வையையும் தூரப்பார்வையையும் ஈடுகட்டலாம். சிலிண்டரை ஈடுகட்ட முடியாது.

மூன்றாவது, வெடிமருந்துத் துகளும் புகையும் கண்ணில் படாமல் தடுப்பதும் அந்தக் கண்ணாடிதான். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்களும் அதன்மேல் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது அவசியம்.

ஆகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் திருகு வளையத்தைச் சரிசெய்ய வேண்டும். துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதி செய்யுங்கள். பாதுகாப்பான திசையில், வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கி வையுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம். இரண்டு விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுங்கள். வளையத்தைச் சிறிது திருப்பி மறுபடியும் பாருங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பினால் கண் தானாகவே தன்னைச் சரிசெய்துகொண்டு நம்மை ஏமாற்றிவிடும். பார்த்த கணத்திலேயே கோடு கூர்மையாகத் தெரிய வேண்டும்.

சிவப்புப் புள்ளி ஏன் நட்சத்திரமாகத் தெரிகிறது?

பலர் கடையில் போய்ப் பார்த்துவிட்டு, "சாமான் சரியில்லை, புள்ளி சிதறுகிறது" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் சாமானில் இருப்பதில்லை. சிலிண்டர் உள்ள கண்ணுக்கு, பிரகாசமான ஒரு சிறு புள்ளி வால் முளைத்தோ, பூவாக விரிந்தோ தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கைப்பேசியின் கேமராவை ஸ்கோப்பின் பின்னால் பிடித்துப் பாருங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் சிதறல் உங்கள் கண்ணில்தான். தலையை மட்டும் ஒருபக்கம் சாய்த்துப் பாருங்கள். தலையோடு சேர்ந்து அந்த வாலும் சாய்ந்தால் அதுவும் அதே முடிவைத்தான் சொல்லும்.

அப்படியானால் முதலில் போக வேண்டிய இடம் கண் பரிசோதனை நிலையம். சரியான சிலிண்டர் போட்ட கண்ணாடியில் புள்ளி ஏறக்குறைய வட்டமாகிவிடும். இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போது பார்வையின் பவரும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத நாளில் எடுத்த அளவுக்குக் கண்ணாடி செய்தால் அது பிறகு பொருந்தாமல் போகும். சர்க்கரை சீராக இருக்கும் காலத்தில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். புதிய கண்ணாடியிலும், வெளிச்சத்தைக் குறைத்து வைத்த பிறகும் புள்ளி சிதறுகிறது என்றால் கண்புரையின் தொடக்கமாகவும் இருக்கலாம். கண் மருத்துவரைப் பார்க்க அதுவே போதுமான காரணம்.

சிலிண்டர் அதிகம் உள்ளவர்கள் கவனிக்க இன்னொன்றும் உண்டு. சுவீடனின் ஐம்பாயிண்ட் நிறுவனம் 1975இல் அறிமுகப்படுத்திய வகையைச் சேர்ந்த செம்புள்ளிக் கருவிகளில் கண் இடைவெளித் தொல்லையே கிடையாது. கண்ணை எங்கே வைத்தாலும் தெரியும். ஆனால் அதில் இருப்பது வெளிச்சப் புள்ளி மட்டும்தான். அது சிதறினால் மாற்று வழி இல்லை. ஒளிரும் ஸ்கோப்பில் கண்ணாடியில் பொறித்த கறுப்புக் கோடும் இருக்கிறது. பகலில் விளக்கை அணைத்துவிட்டு அந்தக் கோட்டை வைத்தே குறி பார்க்கலாம். பேட்டரி தீர்ந்துபோனாலும் கோடு மறையாது. அந்தக் கோடு தடிப்பானதாக, எளிமையானதாக இருக்கட்டும். நுணுக்கமான அளவுக் கோடுகள் நிறைந்தவை இளம் கண்களுக்கே ஏற்றவை.

சில ஸ்கோப்புகளில் மடங்கைக் குறைத்தால் கோடும் சேர்ந்து சிறுத்துவிடும். ஒரு மடங்கில் அது எறும்பு அளவாகிவிடும். கோட்டின் அளவு மாறாமல் இருக்கும் வகையும் உண்டு. கிட்டத்தில் சுடும் கண்ணாடிக்காரருக்குப் பின்னதே வசதி. புள்ளியின் வெளிச்சத்தை மிகவும் குறைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். மங்கிய நேரத்தில் பிரகாசமான புள்ளி கண்ணைக் கூசச் செய்து, விலங்கையே மறைத்துவிடும்.

மடங்கு கூடினால் நல்லதுதானே?

முன் லென்ஸின் அளவை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 24ஐ 6ஆல் வகுத்தால் 4. ஆறு மடங்கில் ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் 4 மில்லிமீட்டர். எட்டு மடங்கில் 3 மில்லிமீட்டர்தான். வட்டம் சிறுத்தால் படம் இருளும். கண்ணையும் அதே இடத்தில் அசையாமல் வைத்திருக்க வேண்டும். முகத்துக்கும் துப்பாக்கிக்கும் நடுவே சட்டமும் மூக்குத் தாங்கியும் இருப்பவருக்கு அது மேலும் சிரமம். தோட்டத்து எல்லையில் ஐம்பது மீட்டருக்குள் நடக்கும் வேலைக்கு ஒன்று முதல் நான்கு மடங்கே தாராளம்.

கண்ணாடி எப்படி இருக்க வேண்டும்?

துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்ததும் தலை சற்றுக் குனிந்து உள்பக்கம் திரும்பும். அப்போது நாம் பார்ப்பது லென்ஸின் நடுவழியாக அல்ல. மேலே, மூக்கை ஒட்டிய மூலை வழியாக. அந்த இடத்தில் பார்வைத் தெளிவு குறையும். அகலம் குறைந்த, நாகரிகமான சட்டமாக இருந்தால் மேல் விளிம்பே பார்வையை மறைத்துவிடும். கோடில்லாத பல்நோக்கு லென்ஸ் அணிபவர்களுக்கு ஓரங்களில் படம் வளைந்து தெரியும்.

ஆகவே அடிக்கடி சுடுபவர்கள் தூரப்பார்வைக்கான பவர் மட்டும் போட்ட தனிக் கண்ணாடி ஒன்று செய்துகொள்வது நல்லது. உயரமான சட்டம், நகர்த்தக்கூடிய மூக்குத் தாங்கி, எளிதில் சில்லாக நொறுங்காத பாலிகார்பனேட் லென்ஸ், பின்புற வெளிச்சம் பிரதிபலிக்காத பூச்சு ஆகியவற்றைக் கேளுங்கள். வெயிலில் கறுக்கும் லென்ஸ் வேண்டாம். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்த பின்னும் சில நிமிடங்கள் அது கறுத்தே இருக்கும்.

கடையில் செய்து பார்க்க வேண்டியது

உரிமம் பெற்ற கடையில், கடைக்காரர் முன்னிலையில், குண்டில்லாத உங்கள் துப்பாக்கியில் ஸ்கோப்பைத் தளர்வாக மாட்டச் சொல்லுங்கள். சுடும்போது அணியும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். மடங்கை உச்சத்தில் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் இயல்பாக அணைத்து, கன்னத்தை வைத்து, பிறகு கண்ணைத் திறங்கள். கழுத்தை நீட்டாமலே முழு வட்டமும் தெரிய வேண்டும். கறுப்பு வளையம் தெரிந்தால் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்த பிறகே முடுக்க வேண்டும். எந்த நகர்த்தலிலும் சரிவராவிட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். வாங்குமுன், உங்கள் உரிமத்தில் இதற்கு இடமுண்டா என்பதை மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் உரிமப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்வதும் அவசியம்.

வெளிச்சம் எங்கே இருக்கிறது?

கடைசியாக ஒன்று. ஒளிரும் ஸ்கோப் என்றதும், இருட்டில் இருப்பதை அது வெளிச்சமாக்கிக் காட்டும் என்று எண்ணுபவர்கள் உண்டு. அந்த வெளிச்சம் ஸ்கோப்புக்குள் இருக்கும் புள்ளிக்கு மட்டுமே சொந்தம். எதிரே புதரில் அசைவது பன்றியா, விடியற்காலையில் பால்வெட்ட வந்த அம்மாவா, பழம் பொறுக்க வந்த பிள்ளையா என்பதை அந்தப் புள்ளி சொல்லாது. பன்றியென்று எண்ணி மனிதரைச் சுட்டுவிட்ட செய்திகளை நாம் அவ்வப்போது பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஸ்கோப் வழியாக எதைப் பார்க்கிறீர்களோ, துப்பாக்கிக் குழலும் அதையேதான் நோக்கியிருக்கிறது. ஆகவே அது என்ன என்று தெரிந்துகொள்வதற்காக ஸ்கோப்பைத் தூக்கக் கூடாது. அதற்குக் கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கட்டும். அதிலும் கண் இடைவெளி உண்டு. கண்ணாடி அணிபவருக்கு 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. பைனாகுலரில் ஐயமறத் தெரிந்த பிறகே துப்பாக்கி தோளுக்கு வர வேண்டும். கண்ணாடி போட்டும் ஐயம் தீரவில்லை என்றால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். பன்றி தின்ற கன்றை அடுத்த மாதம் மறுபடியும் நட்டுக்கொள்ளலாம்.